ஒரு பள்ளி டெஸ்க்கில் மூன்று மரம்

கேள்வி: பள்ளிக்கூடம் ஒன்றில் கழித்துவிட்ட பழைய டெஸ்க் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் அளவு. வார்ப்பிரும்புக் கால்கள், தூக்கித் திறக்கும் சாய்வான மூடி, மைக்கூடு வைக்கும் குழி, கூடவே இணைந்த இருக்கை. மூடியின் மேல்பக்கம் கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கிறது. உள்பக்கம் லேசான சிவப்பு கலந்த பழுப்பு நிறம், அதில் சின்னச் சின்னதாகப் பழுப்புக் கோடுகள். பெட்டியின் அடிப்பலகையைச் சுரண்டினால் பிசின் வாசனை வருகிறது. இருக்கைப் பலகையில் அங்கங்கே வெள்ளிப் பட்டை மாதிரி மினுங்குகிறது. ஸ்க்ரூக்களைச் சுற்றிக் கறுப்பு வளையம். வந்து பார்த்த தச்சர் தேக்கு என்கிறார், நண்பர் ஈட்டி என்கிறார். மெஷின் போட்டுத் தேய்த்து, பாலிஷ் அடித்து, மகளுக்கு எழுதும் மேசையாகக் கொடுக்க ஆசை. இது என்ன மரம்? மைக்கறை போகுமா?

பதில்: முதலில் மெஷினை ஓரமாக வையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டன. மெஷின் ஓடினால் அந்த அடையாளங்களில் பல தூளாகப் போய்விடும்.

உங்கள் டெஸ்க் தேக்கும் இல்லை, ஈட்டியும் இல்லை. மூடி பீச் (beech) மரம், இருக்கை ஓக், பெட்டியின் அடிப்பலகை பைன் என்றே எனக்குப் படுகிறது. ஒரே சாமானில் மூன்று மரம் இருப்பது ஒட்டுவேலை என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பள்ளிச் சாமான்களில் அதுதான் வழக்கம். செய்தவர் ஒவ்வொரு பாகமும் என்ன பாடு படப்போகிறது என்று யோசித்து அதற்கேற்ற மரத்தைப் போட்டிருக்கிறார். அதனால் ‘இது என்ன மரம்’ என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. பாகம் பாகமாகத்தான் பார்க்க வேண்டும்.

மூடியிலிருந்து தொடங்குவோம். எழுதும் பலகைக்கு இரண்டு குணம் வேண்டும். காம்பஸ் முனையும் ஸ்கேல் விளிம்பும் எளிதில் பள்ளம் போடாத கடினம் ஒன்று. மேல்பரப்பு வழுவழுப்பாக இருப்பது இன்னொன்று. ஒற்றைத் தாளை வைத்து இரும்பு நிப் பேனாவால் எழுதும்போது, அடியில் உள்ள பலகையில் பெரிய துளைகளும் வரிப்பள்ளங்களும் இருந்தால் நிப் அதில் இடறும், தாள் கிழியும். பீச், மேப்பிள், பிர்ச் ஆகிய மூன்றிலும் நுண்துளைகள் மிகச் சிறியவை. பலகை முழுக்க ஏறத்தாழ ஒரே சீராகப் பரவியிருப்பவை. ஐரோப்பிய டெஸ்க்குகளில் பீச்சும், வட அமெரிக்க டெஸ்க்குகளில் மேப்பிளும் பிர்ச்சும் அடிக்கடி கண்ணில் படுவதற்கு இந்தக் குணம் ஒரு முக்கியக் காரணம். அந்தந்தக் காடுகளில் அவை தாராளமாகக் கிடைத்தன என்பது இன்னொரு காரணம்.

மரத்தை அடையாளம் காண நிறத்தை நம்பாதீர்கள். உங்கள் மூடியின் மேல்பக்கக் கறுப்பு மரத்தின் நிறமே இல்லை. பழுத்துப்போன வார்னிஷ், கை எண்ணெய், மை, அழுக்கு எல்லாம் சேர்ந்து படிந்தது. வெளிச்சம்படாத, கைபடாத இடத்தைத் தேடுங்கள்: கீலைக் கழற்றினால் அதன் அடியில் இருக்கும் பள்ளம், மைக்கூட்டுக் குழியின் உள்சுவர், மூடியின் கீழ்ப்பக்கம். நீங்கள் மூடியின் உள்பக்கத்தைப் பார்த்ததால்தான் சரியான அடையாளம் கிடைத்தது. அந்தச் சின்னப் பழுப்புக் கோடுகள்தான் பீச்சின் கையெழுத்து. கூரான பென்சிலால் குத்திக் குத்தி இழுத்தது போல, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், எல்லாம் ஒரே திசையில் ஓடும். மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் கதிர்த்திசுக்களின் வெட்டுமுகம் அது. பலகையின் பக்கவாட்டைத் திருப்பிப் பார்த்தால் அதே கதிர்கள் குட்டி மினுக்குத் துணுக்குகளாகத் தெரியும். அந்த இளஞ்சிவப்புக்கும் காரணம் உண்டு. பீச் வெட்டும்போது வெளிறித்தான் இருக்கும். அறுத்த பலகையை நீராவியில் வைத்துப் பதப்படுத்துவது வழக்கம், அதில்தான் சிவப்பு ஏறுகிறது. நீராவிக்கு நன்றாக வளைந்தும் கொடுக்கும் மரம் அது. 1859இல் மைக்கேல் தோனெட் கொண்டுவந்த, உலகமெங்கும் பரவிய 14ஆம் எண் வளைமர நாற்காலி பீச்சில் செய்ததுதான். உங்கள் டெஸ்க்கின் முதுகுச்சட்டம் வளைவாக இருந்தால் அதிலும் இதே பழுப்புக் கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை செய்யலாம். மூடியின் கீழ்மூலையில், வெளியே தெரியாத இடத்தில், பலகையின் குறுக்குவெட்டு முகம் கொஞ்சம் கிடைக்கும். புது பிளேடால் அங்கே நகக்கண் அளவு மெல்லியதாகச் சீவுங்கள். மழுங்கிய கத்தி வேண்டாம். அது துளைகளை நசுக்கி மூடிவிடும். சீவிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். பீச் என்றால் ஊசிமுனைத் துளைகள் எங்கும் நிறைந்திருக்கும். அவற்றுக்கு நடுவே சில கதிர்க்கோடுகள் மட்டும் தடிமனாக, வெறும் கண்ணுக்கே தெரியும்படி ஓடும். மேப்பிளில் கதிர்கள் மெலிந்தவை, தடித்தவையே அதிகம் போனால் ஒரு துளையின் அகலம்தான் இருக்கும். பிர்ச்சில் லென்ஸ் இல்லாமல் கதிர் தெரியவே தெரியாது. ஆனால் துளைகள் மேப்பிளைவிடக் கொஞ்சம் பெரியவை என்பதால், பலகையின் முகத்தில் மெல்லிய கீறல்கள் போலத் தென்படும். இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் நீங்கள் செய்யப்போகும் வேலை பெரிதாக மாறாது. ஆனாலும் பார்த்துவிடுங்கள். ஒருமுறை அந்தச் சீவிய முகத்தை லென்ஸில் பார்த்துவிட்டால், அப்புறம் எந்தப் பலகையையும் வெறும் நிறத்தை வைத்து எடைபோட மனம் வராது.

தேக்கு ஏன் இல்லை? தேக்கைப் புதிதாகச் சீவினால் தோல் வாசனையை ஒத்த ஒரு தனி வாடை அடிக்கும், விரலில் எண்ணெய்ப்பசை தெரியும், நிறம் பொன்பழுப்பு. குறுக்குவெட்டில் ஒவ்வொரு வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். உங்கள் மூடியில் அப்படி எதையும் நீங்கள் சொல்லவில்லை. ஈட்டியோ ஊதா கலந்த பழுப்பு, உள்ளே கறுப்பு வரிகள் ஓடும், கையில் தூக்கினாலே கனம் சொல்லிவிடும். இந்த இரண்டிலும் பள்ளிச் சாமான்கள் செய்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. தேக்கு வளர்ந்த வெப்பமண்டலப் பகுதிகளில் டெஸ்க்குக்கும், உலகின் பல இடங்களில் ஆய்வக மேசைப் பலகைக்கும் தேக்கு போனது. பூச்சி அரிக்காது, ஈரத்துக்கு அசையாது, அமிலத்தையும் தாங்கும். ஆய்வக மேசைகளுக்குத் தேக்குக்கு மாற்றாக ஆப்பிரிக்க இரோக்கோவும் நிறையப் பயன்பட்டது.

தேக்கு இல்லை என்று தெரிந்து உங்களுக்கு ஏமாற்றம் வரக்கூடாது. மரத்தின் கடினத்தை ஜன்கா என்ற சோதனையில் அளப்பார்கள், 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குண்டைப் பாதி அளவு மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை தேவை என்பதுதான் கணக்கு. தேக்குக்கு ஏறத்தாழ 1,070 பவுண்டு விசை. ஐரோப்பிய பீச்சுக்கும் கடின மேப்பிளுக்கும் 1,450 வரை. எழுதும் பலகை என்று பார்த்தால் உங்களிடம் இருப்பது தேக்கைவிடக் கடினமான மரம். தேக்கு பீச்சை ஜெயிப்பது நிலைத்து நிற்பதில். பச்சை மரம் முற்றிலும் காயும்போது, வளையத்தை ஒட்டிய திசையில் பீச் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வரை சுருங்கும். தேக்கு ஐந்து, ஆறு பங்குதான். பீச் காய்ந்த பிறகும் காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப அசைந்துகொண்டே இருக்கும். மூடியில் நீளவாக்கில் வெடிப்பு இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பலகை அகலவாக்கில் அசைய இடம் கொடுக்காமல் யாரோ ஸ்க்ரூவை இறுக்கியிருப்பார்கள். அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் ஸ்க்ரூத் துளையை நீள்வட்டமாக்கி, தளர்வாக முடுக்கினால் புது வெடிப்பு வராது. இருக்கும் வெடிப்பில் மரத்தூளும் பசையும் திணிக்காதீர்கள். ஈரமான பருவத்தில் பலகை விரியும்போது அந்த அடைப்பு பக்கத்தைத் தள்ளி இன்னும் கிழிக்கும்.

அடுத்தது இருக்கை. வெள்ளிப் பட்டை என்று நீங்கள் சொல்வது ஓக்கின் கதிர்கள். பலகையை மையத்திலிருந்து ஆரமாக அறுத்தால் அவை அகலப் பட்டையாக மினுங்கும். ஓக்கைப் போலவே வரி ஓடும் மரங்கள் உண்டு. ஆஷ், செஸ்ட்நட் இரண்டிலும் பெரிய துளைகள் வரிசையாக இருக்கும், ஆனால் இந்த மினுக்குப் பட்டை வராது. அமெரிக்க செஸ்ட்நட் ஒருகாலத்தில் மரச்சாமான்களில் சாதாரணமாகப் புழங்கியது. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் சில பத்தாண்டுகளில் அந்தக் காடுகளையே வெறுமையாக்கிவிட்டது. எல்ம் மரமும் இருக்கைக்கு உகந்தது, அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் பிளக்காது. குறுக்குவெட்டில் எல்மின் சிறு துளைகள் அலையலையாக வரிசை கட்டியிருக்கும், அதைவைத்து உடனே பிரித்துவிடலாம்.

ஓக் என்பதற்கு இன்னொரு சாட்சி, ஸ்க்ரூவைச் சுற்றிய அந்தக் கறுப்பு வளையம். உங்கள் மைக்கறைக் கேள்விக்கும் விடை அதற்குள்ளேதான் இருக்கிறது. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புச் சத்து நிறைய உண்டு. இரும்பும் ஈரமும் சேர்ந்தால் அது கறுத்துவிடும். பழைய பள்ளிகளில் புழங்கிய நீலக்கறுப்பு மையும் இதே வித்தையில் செய்ததுதான். மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கரைத்த மை அது. மாசிக்காய் ஓக் மரத்தில் குளவி முட்டையிடுவதால் வரும் முண்டு, அதில் டானின் செறிந்திருக்கும். அன்னபேதி இரும்பின் உப்பு. எழுதும்போது கண்ணுக்குத் தெரியட்டும் என்று கொஞ்சம் நீலச் சாயமும் கலந்தார்கள். காற்றுப்பட்ட பிறகு இரும்பும் டானினும் சேர்ந்து கறுத்து நிலைக்கும். ஆக, இருக்கையில் மரம் தன் டானினைக் கொடுத்து ஸ்க்ரூவோடு சேர்ந்து தானே மை தயாரித்திருக்கிறது. மூடியில் இருப்பது குழியிலிருந்து சிந்திய மை. இரண்டும் ஒரே சாதிக் கறை என்பதால் மருந்தும் ஒன்றுதான். ஆக்ஸாலிக் அமிலம் இந்த இரும்புக் கறுப்பைப் பிடுங்கி எடுக்கும். சாதாரண பிளீச்சிங் திரவம் மையில் உள்ள நீலச் சாயத்தை வெளுக்கலாம், இரும்பை ஒன்றும் செய்யாது.

ஆனால் அமிலம் மூன்றாவது வேலை. அதற்கு முன்னால் பழைய பூச்சை எடுக்க வேண்டும், அதற்கும் முன்னால் அது என்ன பூச்சு என்று தெரிய வேண்டும். மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒரு நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்துக் கரைந்து வந்தால் அரக்குப் பாலிஷ், அதாவது ஷெல்லாக். அப்படியானால் உங்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம். ஸ்பிரிட்டும் பழந்துணியும் போதும், ஒரு மில்லிமீட்டர் மரத்தைக்கூடத் தேய்க்கத் தேவையில்லை. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு மட்டும் கரைந்தால் அது நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷ். அதைப் பூச்சு நீக்கும் மருந்தால் ஊறவைத்து, மழுங்கிய விளிம்புள்ள தகட்டால் வழிக்க வேண்டும். எங்காவது பழைய பெயிண்ட் ஒட்டியிருந்தால் உலர்வாகத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடுத்ததே 1978இல்தான். ஈயம் இருக்கிறதா என்று காட்டும் சோதனைக் குச்சிகள் கிடைக்கின்றன. குழந்தை எழுதப்போகும் மேசை என்பதால் இதில் அலட்சியம் வேண்டாம்.

மெஷின் வேண்டாம் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி டெஸ்க்குகள் பலவற்றில் மூடி முழுப்பலகையாக இருக்காது. பிளைவுட்டாகவோ, மேலே வெனீர் எனும் மெல்லிய மரத்தாள் ஒட்டியதாகவோ இருக்கும். அந்த வெனீர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மெஷின் ஒரு நொடி ஒரே இடத்தில் நின்றால் அடியிலிருக்கும் அடுக்கு வெளியே வந்துவிடும், அதற்கப்புறம் எதுவும் செய்ய முடியாது. மூடியின் குறுக்கு விளிம்பைப் பாருங்கள். மேல்பக்கத்து வரி விளிம்பில் இறங்கித் தொடர்ந்தால் முழுப்பலகை, அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். முழுப்பலகையாகவே இருந்தாலும், மேல்பரப்பில் எத்தனையோ பிள்ளைகள் எழுதியும் கீறியும் உண்டான பதம் இருக்கிறது. விளிம்புகள் கைபட்டுக் கைபட்டு உருண்டிருக்கும். அதை உப்புத்தாளால் எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது புதுப் பலகை. புதுப் பலகைதான் வேண்டும் என்றால் புதிதாகவே வாங்கிவிடலாம். மேடு தட்டும் இடங்களில் மட்டும் கேபினட் ஸ்கிரேப்பர் எனும் வழிக்கும் தகட்டால், வரி ஓடும் திசையில், லேசாக வழியுங்கள்.

பூச்சு போன பிறகு அமிலத்துக்கு வரலாம். எல்லா ஸ்க்ரூவையும் இரும்பையும் கழற்றிவிடுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது, இது விஷம். பிளாஸ்டிக் பாத்திரத்தில் வெந்நீர் எடுத்து, கரைவது நிற்கும்வரை ஆக்ஸாலிக் தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். கறைமேல் மட்டும் தடவினால் அந்த இடம் வெளுத்துத் திட்டாகத் தெரியும். பலகை முழுவதிலும் தடவுங்கள். சில நிமிடங்களிலேயே கறுப்பு இறங்கத் தொடங்கும். ஆழமான கறைக்கு மறுநாள் இன்னொரு முறை தேவைப்படும். பிறகு சுத்தமான தண்ணீரில் பலமுறை கழுவி, சமையல் சோடா கரைத்த நீரால் ஒருமுறை துடைத்து, மறுபடியும் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்தபின் வெள்ளைத் தூள் பூத்தால் ஈரத்துணியால் எடுங்கள். ஊதவோ உலரத் தேய்க்கவோ கூடாது, அந்தத் தூள் மூச்சுக்குள் போனால் தொல்லை. ஓக் இருக்கையில் இரும்புக் கம்பளி எனப்படும் ஸ்டீல் வுல்லைத் தொடவே வேண்டாம். அதன் துகள் ஒன்று மாட்டிக்கொண்டாலும் அடுத்த ஈரத்தில் புதுக் கறும்புள்ளி எழும். திரும்பப் போடும் ஸ்க்ரூ பித்தளையாகவோ ஸ்டெயின்லெஸ்ஸாகவோ இருந்தால் அந்த வளையமும் திரும்ப வராது. வார்ப்பிரும்புக் கால் இருக்கையைத் தொடும் இடத்தில் மெழுகு தடவி விடுங்கள்.

மைக்கறை முழுதாகப் போகுமா என்றால், பாதிக்கு மேல் போகும். குழியைச் சுற்றிக் குறுக்குவெட்டு இழைகள் மையைக் குடித்திருக்கும், அங்கே சாம்பல் நிழல் தங்கும். அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள்.

அடிப்பலகை பைன் என்பதில் சந்தேகம் இல்லை, பிசின் வாசனையே போதும். வளையத்தில் மென்மையான வெளிர்ப் பட்டையும் கடினமான செம்பட்டையும் மாறி மாறி வரும். செம்பட்டை அகலமாகவும் பலகை கனமாகவும் இருந்தால் அது பிட்ச் பைன். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக ஏற்றுமதியான மரம் அது. புத்தகம் வைக்கும் பெட்டிக்கு அதுவே தாராளம்.

இந்த டெஸ்க்கில் பூச்சி வருவதானால் முதலில் பீச்சில்தான் வரும், அதற்குப் பூச்சியைத் தடுக்கும் சக்தி கிடையாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளைகள் இருந்தால் பயந்துவிடாதீர்கள், அவை பல வருஷத்துக்கு முந்தியவையாக இருக்கலாம். அடியில் கறுப்புத் தாளை விரித்துச் சில வாரம் விடுங்கள். புதிதாக மாவு உதிர்ந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பூச்சு நீக்கிய வெறும் மரத்தில் போரேட் மருந்து தடவ அதுதான் தருணம். பூச்சு ஏறிய பிறகு மருந்து உள்ளே இறங்காது.

கடைசியாகப் பூச்சு. மூடிக்கும் இருக்கைக்கும் எண்ணெயும் மெழுகும் கலந்த ஹார்ட்வாக்ஸ் ஆயிலோ, ஆளி விதை எண்ணெய் சேர்ந்த வார்னிஷோ மெல்லியதாக இரண்டு மூன்று கை போடுங்கள். அரக்குப் பாலிஷ் அழகானதுதான், ஆனால் சூடான டம்ளரும் ஸ்பிரிட் கலந்த மார்க்கரும் படும் இடத்துக்கு அது தாங்காது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள். பெட்டியின் உட்பக்கத்துக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம். காற்றோட்டமில்லாத இடத்தில் அந்த வாடை மாதக்கணக்கில் நின்று மகளின் நோட்டுப் புத்தகங்களில் ஏறும். அங்கே மெலிதாக ஒரு கை ஷெல்லாக் போட்டால் போதும், அரை நாளில் காய்ந்து வாடையில்லாமல் இருக்கும்.